துணை இருக்கையின் தரை

நாமக்கல்லில் பல் டாக்டர் தருணைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் காரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது.

பரமத்தி ரோட்டில் அவனுடைய மருத்துவமனை. மற்றவர்களின் வண்டிகள் ஆளை இறக்கிவிட்டுத் தாமாகவே நிழல் தேடிப் போய் நின்றுகொள்ளும். கூப்பிட்டால் தாமாகவே வரும். தருணின் கருநீலச் செடான் மட்டும் வாசலிலேயே, அவன் தலையைத் திருப்பினால் தெரிகிற இடத்தில் நிற்கும். பார்வைக்குக் குடும்பக் கார்தான். நான்கு கதவு, பின்னால் பெட்டி வைக்க இடம். சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மிதித்தால்தான் அது வேறு பிறவி என்பது தெரியும். வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளிகளிடம் அவன் அதைப் பற்றியேதான் பேசுவான். பதில் பேச முடியாதவர்களிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் லாரி அதிபர் பெரியண்ணன். வாயைக் கொப்பளித்துத் துப்பிய சின்ன இடைவெளியில் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, உங்க வண்டி தானா வளருதாமே? நெசமுங்களா?"

தருணின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்விக்காக அவன் இன்னொரு பல்லை இலவசமாகவே பிடுங்குவான்.

"கடவாய்ப் பல்லைப் புடுங்கிட்டு அப்படியே விட்டுட்டா, அந்த எடத்துல தாடை எலும்பு கரைஞ்சு போயிருமுங்க. ஏன்? கடிக்கற வேலை இல்ல. மூட்டை தூக்கறவரோட எலும்பு தடிச்சுக்கிட்டே போகும். ஏன்? தெனமும் வேலை. எலும்புக்கு அதான் குணம். வேலை இருக்கற எடத்துல ஊறும், இல்லாத எடத்துல கரையும். என் வண்டியோட அடிச்சட்டமும் அப்படித்தானுங்க. எலும்பிரும்பு. உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, ஓட்டைக்குள்ள தாது நீர் ஓடிட்டே இருக்கும். எங்க அழுத்தம் விழுதோ அங்க போயி இறுகிக்கும்."

"அப்ப ஓட்டற ஆள் மாதிரியே வண்டியும் ஆயிரும்னு சொல்லுங்க."

"அதேதானுங்க!" தருண் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தேவிட்டான். "ஒம்பது வருசமா நான் ஓட்டறேன். அந்தச் சட்டத்தை இப்ப அறுத்துப் பாத்தீங்கன்னா, உள்ள நான்தான் இருப்பேன்."

பெரியண்ணன் ஒரு கன்னம் மரத்துப் போயிருந்த நிலையிலும் வாயைப் பிளந்தார்.

ஊரில் மற்ற வண்டிகள் எல்லாமே தாமாக ஓடுபவை. கையால் ஓட்டுவது என்பது குதிரை ஏறுவது மாதிரி, ஆசைக்காரர்களின் கிறுக்கு என்று ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில மலைச்சாலைகளைக் கைலைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை அதில் ஒன்று. ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. தனியாக ஏறக்கூடாது. இடப்பக்க இருக்கையில் வீட்டு மனிதர் ஒருவர் துணையாக உட்கார வேண்டும். துணைக்கு எதிரே ஒரு சிவப்புப் பொத்தான். பயந்துபோய் அதை அழுத்தினால் வண்டி ஓட்டுபவரிடமிருந்து ஸ்டியரிங்கைப் பறித்துக்கொண்டு தானே ஓரமாகப் போய் நின்றுவிடும். ஓட்டியவரின் லைசென்ஸ் அன்றோடு போயிற்று. பக்கத்தில் பெண்டாட்டியோ தம்பியோ உட்கார்ந்திருந்தால் எவனும் தறிகெட்டு ஓட்ட மாட்டான், ஓட்டினாலும் அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் கணக்கு. அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்பது தெரியவில்லை.

தருணின் துணை அவன் மனைவி பூவிழி. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றுக்கு அவள் மேலாளர். அடை வைத்த முட்டைகளுக்குச் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிற பெண். இருவரும் சந்தித்ததே கைலைசென்ஸ் வகுப்பில்தான். அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவன் இரண்டு முறை தோற்றுத் தேறினான். அவள் லைசென்ஸும் வருடா வருடம் தானாகவே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தக் காரின் வலப்பக்க இருக்கையில் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வேறு கை பட்டால் வண்டியின் அடிச்சட்டம் குழம்பிவிடும் என்பான் தருண். எலும்பிரும்பு விஷயத்தில் அது உண்மையும்கூட.

"எம் பொண்டாட்டிக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்பது அவன் எல்லா விருந்திலும் சொல்லும் வாசகம். "ஒம்பது வருசத்துல அந்தப் பொத்தான் பக்கம் கை போனதில்ல. கல்லு மாதிரி உக்காந்திருப்பா." அதற்கடுத்து, மழைக்காலத்தில் ஒருநாள் வளைவைத் திரும்பியதும் சாலை நடுவே கிடந்த பாறையின் கதை வரும். ஒரு முழம் இடைவெளியில் வண்டியை நிறுத்திவிட்ட கதை. "என் கால் எப்ப பிரேக்குக்குப் போச்சுன்னு எனக்கே தெரியாதுங்க. அதுதான் பழக்கம்" என்று முடிப்பான். பூவிழி பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

அந்தக் காருக்கு அவன் செய்யாத சேவை இல்லை. வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு எடை குறைந்த சக்கரம் போட்டான். ஸ்பிரிங்கை மாற்றினான். மோட்டாரின் மென்பொருளைத் தானே உட்கார்ந்து மாற்றி எழுதினான். காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று வண்டியின் அடிவயிறு முழுக்க வழவழப்பான தகடு போட்டு மூடினான். சாலை இரைச்சல் கேட்காமல் இருக்க உட்தரை முழுவதும் தடித்த ரப்பர் விரிப்பு ஒட்டினான். மாதா மாதம் தாது நீர் ஊற்றினான். அதைச் சத்து டானிக் என்று கொஞ்சிச் சொல்லிக்கொள்வான். அவன் காரில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. மாமனாரே ஆனாலும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இவ்வளவு செய்தும் மலையில் வண்டி வருடத்துக்கு வருடம் மந்தமாகிக்கொண்டே வந்தது. அதுதான் தருணை அரித்தது. மழைக்காலம் முடிந்ததும் நடக்கும் கொல்லி ஏற்றப் போட்டியில் இறுதிப் பட்டியலுக்குள் நுழைவது ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டும் நேரத்தில் தவறியது. இந்த வருடப் போட்டி வரும் ஞாயிறு. இந்தத் தடவையும் நுழையாவிட்டால், தன்னிடம் இருப்பது வெறும் காசு கொட்டி வளர்த்த கிறுக்கு என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டியை ரிஸ்வானாவின் பட்டறைக்குக் கொண்டுபோனான். லாரிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்த பழைய கொட்டகை அது. ரிஸ்வானா உலோகவியல் படித்தவள். எலும்பிரும்புச் சட்டங்களைப் பார்க்க மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான். தருணை எதிர்த்துப் பேசத் தயங்காதவளும் அவள் ஒருத்திதான்.

"ஒண்ணுமே புரியல ரிஸ்வானா. மைதானத்துல தனியா ஓட்டினா பறக்குது. மலையில ஏத்தினா யாரோ பின்னாலருந்து சட்டையப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. பிரேக் பேடு வேற சீக்கிரமே தேஞ்சு போகுது. கம்பெனி மாத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் வேலைக்காகல."

"கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? மொதல்ல எடை போடுவோம் டாக்டர். ஒவ்வொரு சக்கரமா."

நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்தார்கள். இடது முன்சக்கரத்தின் தராசு, ஓர் அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்தது மாதிரி கூடுதலாகக் காட்டியது. தருண் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். மறுபடி எடை போடச் சொன்னான். அதே கணக்குத்தான்.

"இடது பக்கம் யாரும் ஓட்டறதில்லையே. அங்க எதுக்கு வளரணும்?"

"தாது ஒரே எடத்துல தேங்கிக் கட்டியாயிருக்கும். அப்படி ஆகறதுண்டு. வெட்டி எடுத்துடலாம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தந்துருவேன்."

"வெட்டிருங்க" என்றான் தருண். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க வெட்டணும்னு தெரியணுமில்ல? அந்தத் தகட்டையும் ரப்பரையும் கழட்டுங்க. படம் எடுத்துக்கறேன்."

அவன் ஆசை ஆசையாக ஒட்டிய ரப்பர் விரிப்பு அழுதுகொண்டே உரிந்து வந்தது. ரிஸ்வானா வண்டியைத் தூக்கி நிறுத்தி, கதிர்க் கருவியை அடியில் மெல்ல ஓட்டினாள். கொட்டகைச் சுவரில் படம் துளித்துளியாக ஊறி வந்தது.

எத்தனையோ ஆயிரம் தாடைகளின் படத்தைப் பார்த்தவன் தருண். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். தன் வண்டியின் எலும்புக்கூட்டை அவன் இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது அது நேர்கோடுகளால் ஆன சட்டம். இப்போது அதில் ஒரு நேர்கோடுகூட இல்லை. ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நார்கள் பின்னிக்கொண்டு ஏறியிருந்தன. வலது வளைவுகளில் அவன் எப்போதும் கொஞ்சம் தாமதித்துத் திருப்புவான். அந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடி ஒரு பக்கத் தூண் பெருத்துச் சாய்ந்திருந்தது. பின் சக்கரங்களின் அருகே கொல்லிமலையின் குண்டு குழிகள் எல்லாம் முடிச்சு முடிச்சாகத் தங்கியிருந்தன. மனிதக் கை வரையாத ஓர் அழகு. தருணுக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியண்ணனிடம் சொன்னது உண்மைதான், உள்ளே அவன் இருந்தான்.

"இடது பக்கம் வரேன்" என்றாள் ரிஸ்வானா.

படம் நகர்ந்தது. துணை இருக்கைக்கு முன்னால், தரையில், கட்டி இல்லை. இரண்டு பாதங்கள்.

மனிதப் பாதங்கள். இரும்பில் மேடாக எழுந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், வலது பாதம் சற்றே முன்னால். குதிகால் மெலிதாகவும் விரல்களின் பக்கம் தடிப்பாகவும். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வெளுத்திருந்தது. வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் லேசாக ஏறியிருந்தது. அந்தச் சுண்டுவிரலுக்குத்தான் தருண் கல்யாணத்தன்று அம்மி மேல் வைத்து மெட்டி போடப் பார்த்தான்; அது கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்குத்தான் போட வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள்.



"செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்னு நீங்க சொல்வீங்க இல்ல" என்றாள் ரிஸ்வானா மெதுவாக. "அதான் விரல் விரலா விழுந்திருக்கு."

"ஆனா எப்படி... அவ சும்மாதானே உக்காந்திருப்பா?"

"சும்மா உக்காந்திருந்தா இப்படி வராது டாக்டர். இது அழுத்தினது. வேகமாப் போற வண்டியில பக்கத்துல இருக்கறவங்க இல்லாத பிரேக்கை மிதிப்பாங்க, பாத்ததில்லையா? எங்கம்மா ஆட்டோவுல போனாகூட மிதிக்கும். சாதா வண்டின்னா மிதிச்சது மிதிச்சதோட போச்சு. இது எலும்பிரும்பு. ஒவ்வொரு மிதியையும் வாங்கி வச்சுக்கிட்டிருக்கு."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். வலது பாதத்தின் கட்டைவிரலிலிருந்து மெல்லிய வெள்ளை இழை ஒன்று கிளம்பியது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள மேட்டைக் குறுக்காகத் தாண்டி, வழியில் வேறு எதையும் தொடாமல், நேராக வலப்பக்கம் போய், பிரேக் பெடல் மாட்டியிருக்கும் இடத்தில் முடிந்தது.

ரிஸ்வானா சுவரருகே போய் அந்த இழையை விரலால் தொட்டாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"இது கட்டியே இல்ல. வளைவு வருது, அவங்க தரையை அழுத்தறாங்க. கொஞ்சம் கழிச்சு நீங்க பிரேக்கை அழுத்தறீங்க. எல்லா வளைவுலயும், எல்லா ஞாயித்துக்கிழமையும். இரும்புக்கு இது ரெண்டும் ஒரே வேலைன்னு தோணியிருக்கு. ஒரே வேலை செய்யற ரெண்டு எடத்தை அது சேத்துக் கட்டும், அதான் அதோட குணம். டாக்டர், இது அவங்களுக்கு ஒரு பிரேக் வளத்துக் கொடுத்திருக்கு."

"வெறும் இழை. அது என்ன பண்ணிரும்?"

"பாத்துருவோம்."

வண்டியைக் கீழே இறக்கினார்கள். ரிஸ்வானா ஷூவைக் கழற்றிவிட்டுத் துணை இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பாதங்களை அந்த மேடுகளின் மேல் வைத்தாள். தருண் வலப்பக்கக் கதவருகே மண்டியிட்டு பிரேக் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மிதித்தாள்.

யாரும் தொடாத பெடல் நகக்கண் அளவு கீழே இறங்கியது. சக்கரத்தின் பக்கமிருந்து பேடு தட்டைத் தொடும் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது. அவள் காலை எடுத்ததும் பெடல் மேலே வந்தது.

தருணுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. பொறியாளர்கள் உட்கார்ந்து திட்டமிட்டாலும் இப்படி ஒன்றைச் செய்திருக்க முடியாது. பேச்சே இல்லாத ஒரு பொருள், ஒருத்தியின் கால் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, கேட்டதை நம்பி, கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. அதே ஒன்பது வருடமும் அவளுக்குப் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்திருந்தான்.

"பொத்தான் இருக்கே. அதை ஏன் அவங்க அழுத்தல?" என்றாள் ரிஸ்வானா. கேட்டபிறகுதான் பதில் அவளுக்கே புரிந்தது போலிருந்தது. கொஞ்சம் பொறுத்து, "வெட்டட்டுமா டாக்டர்? வெட்டினா ஞாயித்துக்கிழமை கண்டிப்பாப் பட்டியல்ல வருவீங்க" என்றாள்.

தருண் குனிந்து அந்த மேடுகளைப் பார்த்தான்.

"வெட்டாமலும் ஒரு வழி இருக்கு. எலும்புதானே? மிதி நின்னுட்டா அதுவாக் கரைஞ்சிடும். மெதுவாத்தான் கரையும்."

வீட்டுக்குப் போகும்போது வண்டியைத் தானே ஓடவிட்டான். முதல் முறையாக இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர் இல்லாத வெறும் தரையில் கால் வைத்தான். அந்த மேடுகள் அவன் பாதத்தைவிடச் சின்னவை. குளிர்ந்திருந்தன.

பூவிழி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காபி கலந்துகொண்டிருந்தாள்.

"வண்டி ரெடியாயிருச்சுங்களா?"

"பூவி, மலையில உனக்குப் பயமா இருக்குமா?"

அவள் காபியை ஆற்றுவதை நிறுத்தினாள். "இதென்ன திடீர்னு?"

"சொல்லு."

"ஒம்பது வருசத்துல இப்பத்தானே கேக்கறீங்க." சிரித்தாள். விருந்துகளில் சிரிக்கும் அதே சிரிப்பு என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. "மொத வருசம் கை தானா அந்தப் பொத்தானுக்குப் போயிட்டுப் போயிட்டு வரும். அழுத்தினா உங்க லைசென்ஸ் போயிருமே, அப்பறம் இந்த மூஞ்சியை எப்படிப் பாக்கறதுன்னு இழுத்துக்குவேன். கை போக முடியாதப்ப, கால் போச்சுங்க."

தருண் பட்டறையில் பார்த்ததைச் சொன்னான். பாதங்களைப் பற்றி, இழையைப் பற்றி, தானே இறங்கிய பெடலைப் பற்றி. ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"அந்தப் பாறை நாளு. நீங்க எல்லாருகிட்டயும் சொல்வீங்களே, கால் எப்பப் போச்சுன்னே தெரியாதுன்னு. உங்க கால் போகலீங்க. நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். உசுரைக் குடுத்து மிதிச்சேன். காலுக்கடியில தரை அசைஞ்சு குடுத்துச்சு. வண்டி புடிச்சுக்கிச்சு. அப்பறந்தான் நீங்க மிதிச்சீங்க. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, இந்த வண்டிக்குள்ள நான் சொல்றதைக் கேக்கறதுக்கும் ஒண்ணு இருக்குதுன்னு. அதுக்கப்பறம் சனிக்கிழமை ராத்திரி நல்லாத் தூங்கறேன்."

"ஏன் பூவி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வெட்டிருப்பீங்க."

குற்றம் சாட்டும் தொனி இல்லை. இன்றைக்குச் சூடு எவ்வளவு, குஞ்சு எத்தனை பொரிந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். தருண் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம், ஒரு நொடிகூட யோசிக்காமல், வெட்டிருங்க என்று சொன்ன வாய் அவனுடையதுதான். என்னவென்று தெரியாமல் சொன்னதுதான். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்கு அவனைத் தெரிந்த அளவுக்கு அவனுக்கே தெரியவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

"இப்ப வெட்டறதுன்னாலும் வெட்டிக்கோங்க" என்று எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வரேன். நான் வராம நீங்க எப்படி ஏறுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்துக் காரவள்ளியில் போட்டிக்கு வந்த வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பெயர் சரிபார்ப்பவர் தருணைப் பார்த்ததும், "டாக்டர்தானே ஓட்டறது? மேடம் துணை?" என்று கேட்டுக்கொண்டே திரையில் தட்டப் போனார்.

"மாத்திப் போட்டுக்கோங்க" என்றான் தருண். "அவங்க ஓட்டறாங்க. நான் துணை."

பூவிழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, வண்டிச் சட்டம் கொழம்பிருமில்ல?"

"கொழம்பட்டும்."

"வெட்டலீங்களா?"

"இல்ல."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், வலப்பக்கம் ஏறினாள், இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவன் முதுகுக்கென்று இறுகிப்போன இருக்கை அவளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டாள். கொடி அசைந்தது.

முதல் சில வளைவுகளில் தடவித் தடவித்தான் போனாள். தருண் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டான். அப்புறம் எங்கோ ஓரிடத்தில், வகுப்பில் எல்லோரையும் வாயடைக்க வைத்த அந்தப் பழைய கை அவளிடம் திரும்பி வந்துவிட்டது. வண்டி வளைவைக் குடைந்து திரும்பியது. அடுத்ததையும். அவள் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே அதிலிருந்து வெளியேறும் இடத்தைப் பார்த்துவைத்திருந்தாள். இந்த வண்டியால் இப்படியெல்லாம் முடியும் என்பது தருணுக்கே தெரியாது.

அவனுக்கு இன்னொன்றும் தெரியாமல் இருந்தது. ஓட்டுகிறவனுக்குத் தெரிவது சாலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது பள்ளம். ஜன்னலுக்கு அப்பால் தடுப்புக் கல், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. கீழே, வெகு கீழே, அவர்கள் சற்று முன் ஏறி வந்த சாலை கயிறு மாதிரி கிடந்தது. மேகம் ஒன்று அவர்களுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த மலைக்கு வந்தும் இதை அவன் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அவ்வளவு பயமாகவும் இருந்தது. பூவிழி ஒவ்வொரு ஞாயிறும் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அடுத்த வளைவு வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. தருணின் கால் அவனைக் கேட்காமலே தரையில் அழுந்தியது. வண்டி லேசாகப் பிடித்தது.

"காலை எடுங்க" என்றாள் பூவிழி.

எடுத்தான். அதற்கடுத்த வளைவில் கால் மறுபடியும் தானாகவே போயிற்று.

"ஏனுங்க, காலை எடுங்கன்னேன்!"

"எடுக்க முடியல பூவி!"

அவள் சிரித்தாள். விருந்துச் சிரிப்பு இல்லை. வகுப்பில் கேட்டது, அதற்குப் பிறகு அவன் கேட்டிராதது. சிவப்புப் பொத்தான் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. தருண் அதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

பட்டியலில் அவர்கள் பெயர் வரவில்லை. மேலே செம்மேட்டில் இறங்கியபோது அதைக் கேட்க இருவருக்குமே நினைவில்லை. பூவிழி வண்டியின் முன்பக்கத்தைச் சூடு தணியட்டும் என்று தடவிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரமும் நானே ஓட்டட்டுங்களா?" என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை. தருண் தாது நீர் ஊற்றினான், பேடு மாற்றினான், சக்கரம் துடைத்தான்; ஞாயிறு வந்தால் இடப்பக்கம் ஏறிக்கொண்டான். மருத்துவமனையில் அவன் பாறைக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டதைப் பெரியண்ணன்கூடக் கவனித்தார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியை மறுபடி ரிஸ்வானாவிடம் கொண்டுபோனான். பூவிழியின் மிதி நின்றுபோய் இத்தனை மாதம் ஆகிவிட்டதே, அந்தப் பாதங்கள் பாதியாவது கரைந்திருக்கும் என்று அவன் நினைத்தான். கரைவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது.

சுவரில் படம் ஊறி வந்தது. ஓட்டும் பக்கத்தில் அவனுடைய பழைய நார்கள் பல மெலிந்து, புதிதாக வேறு வழியில் வேறு நார்கள் பின்னத் தொடங்கியிருந்தன. தாமதித்துத் திருப்புகிறவனின் தூண் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கப்போவது இனி அவன் மட்டுமில்லை. ரிஸ்வானா படத்தை இடப்பக்கம் நகர்த்தினாள். நகர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கரையலையே டாக்டர்."

அந்தச் சின்னப் பாதங்கள் அதே இடத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றி, அவற்றை உள்ளே வைத்து அணைத்துக்கொண்டது போல, இன்னும் பெரிய இரண்டு பாதங்கள் வளர்ந்திருந்தன. பிரேக்குக்குப் போகும் இழை முன்னைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தது.

ரிஸ்வானா படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாடியோவ்! இவ்வளவு பெரிய காலு. யாருதுங்க இது?"

தருண் செருப்புக்குள் இருந்த கட்டைவிரலை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டான்.